ஐம்பத்தெட்டுக்கு அப்புறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன்: உங்கள் வேலையிடத்தில் வயதானவர்களை எப்படி நடத்துகிறார்கள்? வந்த கடிதங்களில் முக்கால்வாசி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும்தான். ஆச்சரியம் இல்லை. பிள்ளைகள் கீழே இறங்கிவிட்டார்கள், மேலே வேலை பார்ப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஒரு தேயிலைத் தோட்டத்தில் 26 வருஷம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள் என்பதால் இந்தக் கடிதங்களை என்னால் சும்மா படித்துவிட்டு வைக்க முடியவில்லை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் சின்ன ஃபேக்டரி எங்களுடையது. 38 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 22 பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். உள்ளூர்ப் பையன்கள் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள். ஜார்க்கண்ட், அசாம் ஆட்களை வைத்தால் நன்றாக வேலை பழகிய நேரத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இதே நிலைமை வெளிநாடுகளிலும் இருக்கும் இல்லையா, அங்கே முதலாளிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— ஃபேக்டரி உரிமையாளர், கோத்தகிரி

இருக்கிறது தம்பி, நம்மைவிட அதிகமாகவே இருக்கிறது. ஜப்பானில் பத்துப் பேரை நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது ஜெர்மனியில் நடந்த ஒன்றை, ஏனென்றால் அது ஒரு ஃபேக்டரிக்குள் நடந்தது, அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, தரையும் நாற்காலியும்தான்.

பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ கார் ஆலை இருக்கிறது. 2007-ல் அங்கே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: அப்போது தொழிலாளிகளின் சராசரி வயது 39, பத்து வருஷத்தில், அதாவது 2017-ல், அது 47 ஆகிவிடும். அந்த நாள் வரும்வரை காத்திருக்காமல், கியர்பாக்ஸ் செய்யும் ஒரு பிரிவில் 42 பேரை இப்போதே சராசரி 47 வயது வருகிற மாதிரி கலந்து நிறுத்தினார்கள். முதலில் யாருக்கும் இஷ்டம் இல்லை. "கிழவர்கள் லைன்" என்று பேர் வந்துவிடும் என்ற கூச்சம், வேகம் குறைந்துவிடுமோ என்ற பயம். அப்புறம் மேலாளர்கள் செய்த காரியம்தான் முக்கியம்: உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எதை மாற்றினால் நல்லது என்று அவர்களிடமே கேட்டார்கள்.

சின்னச் சின்னதாக 70 மாற்றங்கள் வந்தன. சிமென்ட் தரைக்கு மேல் மரத்தளம் போட்டார்கள், முழங்கால் வலி குறைந்தது. முடிதிருத்தும் கடையில் இருக்கிற மாதிரி ஏற்றி இறக்கும் நாற்காலி வந்தது, நின்றே செய்த சில வேலைகளை உட்கார்ந்து செய்ய முடிந்தது. நுணுக்கமான பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடி மேசை, திரையில் பெரிய எழுத்து. ஒரே ஆள் எட்டு மணி நேரமும் ஒரே அசைவைச் செய்யாமல் நடுவில் இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு. பொருள்களுக்கு ஆன செலவு சுமார் 20,000 யூரோ, அந்த மாதிரி கம்பெனிக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரே வருஷத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறியது, இளையவர்கள் இருந்த பிரிவுகளுக்குச் சமமாக வந்து நின்றது. உடம்புக்கு முடியவில்லை என்று போடும் லீவும் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நாற்காலி வாங்கப் போகாதீர்கள். உங்கள் ஃபேக்டரியில் வலி வேறு இடத்தில் இருக்கும். வண்டியிலிருந்து இலைச் சாக்கை இறக்கி, படி ஏறி, வாட்டும் தொட்டியில் கொட்டுகிறார்களே, அந்தப் படிகளை எண்ணியிருக்கிறீர்களா? சாக்கைப் பாதியாக நிரப்பினால் நடை இரண்டு மடங்கு ஆகும், அதனால் ஒரு கப்பியோ சின்ன மின்தூக்கியோ வைத்துவிட்டால் ஐம்பத்தைந்து வயது ஆளும் சீசன் முழுக்க வேலைக்கு வருவார். தூள் சலிக்கும் இடத்தில் வெளிச்சம் போதுமா? முப்பது வயதில் போதும் என்று தோன்றிய பல்பு ஐம்பத்தைந்தில் போதவே போதாது. மெஷின் இரைச்சலில் பல வருஷம் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும், அவர்களைக் கத்திக் கூப்பிடுவதால் பயன் இல்லை, எச்சரிக்கைக்கு மணியோடு சேர்த்து விளக்கும் எரிய வேண்டும். சீசனில் விடிய விடிய மெஷின் ஓடும்போது தொடர்ந்து ஏழு நாள் நைட் ஷிஃப்ட் போடுவதை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதெல்லாம் நான் ஊகித்துச் சொல்வது. சரியான பட்டியல் அந்த 22 பேரிடம்தான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது என்றால், பின்லாந்துக்காரர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1981-ல் தொடங்கி, நகராட்சிகளில் வேலை பார்த்த ஆறாயிரத்துக்கும் அதிகமான நடுவயதுக்காரர்களைப் பதினோரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். அதிலிருந்து வந்த கேள்வித்தாளின் முதல் கேள்வி இதுதான்: உங்கள் வாழ்நாளில் மிக நன்றாக வேலை செய்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எவ்வளவு போடுவீர்கள்? ஆறு என்று ஒருவர் சொன்னால் பாக்கி நாலு எங்கே போனது என்று பேச ஆரம்பிக்கலாம். அந்த ஆய்வில் என் மனதில் நின்றது இன்னொன்று. வயது ஏறினாலும் வேலைத்திறன் கூடியவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களைப் பார்த்தபோது மேற்பார்வையாளர் நடந்துகொண்ட விதம் ஒரு பெரிய காரணமாகத் தெரிந்தது. மெஷின் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இன்னொரு விஷயம், இது நான் கண்ணால் பார்த்தது. எனக்குத் தெரிந்த ஒரு ஃபேக்டரியில் இலையைச் சூட்டில் காயவைக்கும் ட்ரையரில் நின்றவர் 30 வருஷ அனுபவஸ்தர். வெப்பமானியை அவர் பார்ப்பார்தான், ஆனால் முடிவு மூக்கில்தான் எடுப்பார், மழைக்கால இலை வந்தால் வாசனையிலேயே தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். 58 வயது முடிந்து ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, டீயும் காரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் புதுப் பையன் வந்து நின்றான், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. இரண்டு மாசம் தூளில் தீய்ந்த வாசனை, குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை விழுந்தது, அந்தப் பையனுக்குத் திட்டு. பெரியவருக்கு ஆறு மாசம், அரை நாள் வேலையும் அரைச் சம்பளமும் கொடுத்துப் பையன் பக்கத்தில் நிற்க வைத்திருந்தால் ஏலத்தில் போன பணத்தில் ஒரு துளிதான் செலவாகியிருக்கும். உங்கள் ஃபேக்டரியில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், 58-க்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஆளைச் சேர்த்து விடுங்கள்.

நான் ஊட்டியில் பட்டப்படிப்பு முடித்து மூன்று வருஷமாக வேலை தேடுகிறேன். அறுபது வயதுக்காரர்களை வேலையில் தொடர வைக்கச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்கள் நகர்ந்தால்தானே எங்களுக்கு இடம் கிடைக்கும்?
— வாசகர், உதகை

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகி, மறு வருஷமே 60 ஆனது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று என் அக்கா மகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எண்ணி வைத்த பணியிடங்கள் உள்ள ஓர் அலுவலகத்தில் மூத்தவர் இருந்தால் இளையவர் காத்திருக்கத்தான் வேண்டும், அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் ஒரு நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு அப்படி வரவில்லை. பிரான்சில் 1982-ல் ஓய்வு வயதை 65-லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள், பெரியவர்கள் விலகினால் இளைஞர்களுக்கு இடம் வரும் என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. பெரியவர்கள் விலகினார்கள். இளைஞர் வேலையின்மை மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை, பல வருஷம் உயர்ந்தே இருந்தது. விலகினவரின் இடத்தைப் பல கம்பெனிகள் நிரப்பாமலே விட்டுவிடும், அப்புறம் ஓய்வூதியச் செலவுக்காக வேலையில் இருப்பவர்களிடம் பிடித்தமும் கூடும், ஆள் வைக்கிற செலவு ஏறும்.

ஜெர்மனியில் இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். 1996-ல் ஒரு சட்டம் போட்டு, 55 தாண்டியவர் வேலை நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம் என்றார்கள், அந்தப் பாதி இடத்தில் வேலையில்லாதவரையோ தொழில் பழகி முடித்த இளையவரையோ வைத்தால் முதலாளிக்கு அரசு உதவித்தொகை. பெரியவர் பாதி நாள், இளையவர் பாதி நாள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம், எவ்வளவு நல்ல யோசனை! நடந்தது வேறு. பெரும்பாலானவர்கள் முதல் பாதி வருஷங்களில் முழு நேரமும் வேலை பார்த்துவிட்டு, பிற்பாதியில் வராமலே வீட்டில் இருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள், சட்டம் அதற்கும் இடம் கொடுத்திருந்தது. அதனால் அது சீக்கிரம் ஓய்வுபெறும் வழியாகவே ஆகிப்போனது, 2009-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அரசு உதவியும் இல்லை. என்றாலும் நம் மலையில் சின்ன அளவில் இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். நீங்கள் கேட்க வேண்டியது பெரியவர் எப்போது போவார் என்பதை இல்லை, அவர் பக்கத்தில் என்னைச் சம்பளத்தோடு ஒரு வருஷம் நிற்க விடுவீர்களா என்பதை. முதல் கடிதம் எழுதிய கோத்தகிரிக்காரரிடமே போய்க் கேட்கலாம், அவருக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

கொடைக்கானலில் ஒரு விடுதிச் சமையலறையில் 19 வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் 60 முடிந்தது. "ஓய்வு கொடுத்துவிட்டோம், மறுபடி சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி 21,000 வாங்கிய எனக்கு இப்போது 12,000 தருகிறார்கள். அதே அடுப்பு, அதே நேரம். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்கிறார் மேனேஜர். நிஜமா?
— வாசகி, கொடைக்கானல்

பாதி நிஜம். ஜப்பானில் இது சாதாரணமாக நடக்கிறது. அங்கே பெரும்பாலான கம்பெனிகளில் 60-ல் ஓய்வு, ஆனால் விருப்பப்பட்டவரை 65 வரை ஏதாவது ஒரு வழியில் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2013-லிருந்து யாரை வைத்துக்கொள்வது என்று கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பொறுக்க முடியாதபடி அதை இறுக்கினார்கள், 2021 ஏப்ரலிலிருந்து 70 வரை வாய்ப்புக் கொடுக்க முயல வேண்டும் என்றும் சேர்த்தார்கள். முதலாளிகள் கண்டுபிடித்த வழி, ஓய்வு கொடுத்துவிட்டு வருஷ ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு மறுபடி எடுப்பது. டேங்கர் லாரி ஓட்டுநர்கள் மூன்று பேர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், அதே லாரி, அதே பாதை, சம்பளம் மட்டும் இருபது சதவீதம்போலக் குறைவு. 2018 ஜூனில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் பெரும்பாலான குறைப்பைச் சரி என்றே சொன்னது, லீவு போடாமல் வருபவருக்குத் தரும் படியை மட்டும் நிறுத்தியது நியாயம் இல்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. லாரிக்கு ஓட்டுநரின் வயது தெரியாது.

தென்கொரியாவில் கதை வேறு. அங்கே ஓய்வு வயது குறைந்தது 60 என்று சட்டம் வந்தபோது, பல கம்பெனிகள் கடைசிச் சில வருஷங்களில் சம்பளத்தை இறக்கிக்கொண்டே போகும் முறையைக் கொண்டுவந்தன. 2022 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நியாயமான காரணம் இல்லாமல் வயதை மட்டும் வைத்துச் சம்பளம் குறைப்பது செல்லாது என்று சொல்லிவிட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது, அந்தக் கேள்விகளை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போகலாம். என்ன காரணத்துக்காகக் குறைக்கிறீர்கள்? எனக்கு ஏற்படும் நஷ்டம் எவ்வளவு பெரியது? அதற்கு ஈடாக வேலை நேரத்தையோ பாரத்தையோ குறைத்தீர்களா? மிச்சமான பணத்தைச் சொன்ன காரணத்துக்கே செலவு செய்தீர்களா?

நம் நாட்டில் தனியார் வேலையில் வயதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தனிச் சட்டம் இல்லை, அதனால் கொரியத் தீர்ப்பைக் காட்டி வழக்கில் ஜெயிக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயத்தில் நீங்கள் உறுதியாக நிற்கலாம். உங்கள் வகை வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே 60 வயதுக்காரருக்கும் கொடுக்க முடியாது, அந்த அட்டவணையைப் பாருங்கள். அடுத்து, நிஜமாகவே ஓய்வு கொடுத்திருந்தால் 19 வருஷத்துக்கான கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எங்கே? அதைக் கொடுக்காமல் ஓய்வு என்று மட்டும் சொல்வது எப்படி? சம்பளப் பேச்சில், 12,000-தான் முடியும் என்றால் காலை டிபன் வேலை மட்டும் பார்க்கிறேன், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று கேளுங்கள். உங்கள் கைக்குப் பழகிய விருந்தாளிகள் இருப்பார்கள், அது மேனேஜருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஓய்வு வயதே கிடையாதாமே? என் தம்பி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அங்கேயும் 69 வரை வேலை என்கிறான்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

ஆமாம் ஐயா, அமெரிக்காவில் 1967-லேயே 40 வயதுக்கு மேற்பட்டவர்களை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, 1986-ல் பெரும்பாலான வேலைகளுக்குக் கட்டாய ஓய்வையே எடுத்துவிட்டார்கள். விமானிகள் மாதிரிச் சிலருக்கு மட்டும் வரம்பு உண்டு. பிரிட்டனும் 2011-ல் அதைச் செய்தது.

சிங்கப்பூரில் 2026 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 64, மறுவேலை வயது 69. அதாவது 64 ஆனதும் உடல்நலமும் வேலையும் திருப்தியாக இருந்தால் முதலாளி 69 வரை மறுவேலை தர முன்வர வேண்டும், பொருத்தமான இடமே இல்லையென்றால் ஒரு தொகை கொடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் இது குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ உள்ளவர்களுக்குத்தான். உங்கள் தம்பி மகன் ஒர்க் பெர்மிட்டில் போயிருந்தால் அவருக்கு இது பொருந்தாது, அந்தப் பெர்மிட்டுக்கே தனி வயது வரம்பு இருக்கிறது. எந்த அனுமதியில் இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், 69 வரை சம்பாத்தியம் உண்டு என்று நம்பி இங்கே வீட்டுக் கடன் வாங்கிவிடக் கூடாது.

அக்கா, அம்மா பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் 31 வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாங்க. தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். வர்ற மாசம் அம்மாவுக்கு 58. முழங்கால் ரொம்ப வலி, சரிவில் இறங்க முடியலை. ஆனா வேலையை விட்டா எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் விடணுமேன்னு அழுறாங்க. நான் கோவையில் ஒரு மில்லில் இருக்கேன். என்ன செய்யறது?
— மகள்

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பலில் வந்து இந்தக் காட்டைத் தோட்டமாக்கினவர்களின் பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராக 58-ஐத் தொடுகிறார்கள். அந்தத் தலைமுறை முழுவதற்குமே வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

முதலில் வேலை. சரிவில் இறங்க முடியாவிட்டாலும் நாற்றங்காலில் உட்கார்ந்து பை நிரப்பும் வேலை, பிள்ளைகள் காப்பகம், எடை போடும் இடம் என்று எஸ்டேட்டில் சமதரை வேலைகள் உண்டு. நான் வேலையில் இருந்தபோது அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறேன், எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. ஜப்பானில் ஊருக்கு ஊர் சில்வர் மனிதவள மையங்கள் இருக்கின்றன, 1975-ல் டோக்கியோவில் தொடங்கியது, ஓய்வுபெற்றவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு வாரத்துக்குச் சில நாள், சில மணி நேரம் தோட்ட வேலை, காவல், துப்புரவு என்று உடம்புக்கு ஏற்றதைச் செய்வார்கள். நம் மலையில் பஞ்சாயத்து அளவில் இப்படி ஒன்று வந்தால் அம்மா மாதிரி எத்தனையோ பேர் தலைநிமிர்ந்து இருப்பார்கள் என்று எனக்கு ஆசை. இப்போதைக்கு டாக்டர் சீட்டோடு, 58-க்கு அப்புறமும் நாற்றங்கால் வேலை கேட்டு மேனேஜருக்கு எழுது. கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் நல்ல கை கிடைக்காத இந்தக் காலத்தில் சரி என்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

அடுத்து பணம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 வருஷச் சேவை போதும், அம்மாவுக்கு அதைவிட எவ்வளவோ இருக்கிறது. 58-ல் உடனே வாங்கலாம், அவசரம் இல்லையென்றால் 60 வரை தள்ளிப்போட்டு வருஷத்துக்கு 4 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். முழங்கால் வைத்தியம் இருப்பதால் உடனே வாங்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம். கிராஜுவிட்டி கணக்கை நீயே போடு: கடைசி ஒரு நாள் கூலியை 15-ஆல் பெருக்கி, அதை 31-ஆல் பெருக்கு. கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,09,250 ரூபாய் வரும். கடைசியில் ஆறு மாசத்துக்கு மேல் துண்டாக நின்றால் அதுவும் ஒரு முழு வருஷம். வேலையில் சேர்ந்த தேதியை எஸ்டேட் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துவிடு, தற்காலிகமாக இருந்த வருஷங்களை விட்டுவிட்டு எழுதியிருப்பதை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். கிராஜுவிட்டி கைக்கு வருவதற்கு முன்னால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்று சொன்னாலும் தகராறு வேண்டாம், பணம் வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டியது என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி நீ கோவைக்கு எடுத்துக்கொண்டு போய்விடு, லயன் வீட்டில் வைக்காதே, மழையில் போய்விடும். 30 நாள் தாண்டினால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். போவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது, மனுவை நான் எழுதித் தருகிறேன்.